வலையில் வந்த ஒல்லாந்துக் காசு: ஒப்படைத்த அனுபவம்

கொழும்பு முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிற என் மச்சானின் வலையில் ஒரு கட்டி மாட்டியது. சிப்பியும் சுண்ணாம்பும் அப்பிய, இரண்டு கை அகலமான கட்டி. மூலை உடைந்த இடத்தில் பச்சை பூத்த காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவன் ஒன்றைப் பெயர்த்தெடுத்துத் தேசிக்காய் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் எடுத்தான். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் வீஓசி முத்திரை தெளிவாகத் தெரிந்தது. ஆண்டு 17 என்று தொடங்கியது, மிச்சம் தேய்ந்துவிட்டது.

நான் போய்ச் சேர்வதற்குள் உரிமைக்காரர்கள் கூடிவிட்டார்கள். இழுத்தது என் கை என்றான் மச்சான். வள்ளமும் வலையும் என்னுடையவை, மீனில் பங்கு இருந்தால் இதிலும் இருக்கிறது என்றார் படகு முதலாளி. மாமி, பாதியை மாதா கோயிலுக்குக் கொடுத்துவிட்டால் தோஷம் வராது என்றார். நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் யாரையோ தெரிந்த ஒருவர், "சத்தம் போடாமல் என்னிடம் தாங்கோ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். இவர்தான் எல்லோரையும்விட அவசரப்பட்டவர்.

சட்டப்படி இந்த நால்வரில் ஒருவருக்கும் அது சொந்தமில்லை. இலங்கையின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், இன்னும் கண்டுபிடிக்கப்படாத தொல்பொருட்கள் நிலத்துக்கடியில் கிடந்தாலும், ஆறு குளத்தில் கிடந்தாலும், நாட்டின் ஆட்புலக் கடலில் கிடந்தாலும் அரசுக்கே உரியவை என்கிறது. ஆட்புலக் கடல் என்பது கரையிலிருந்து 12 கடல் மைல். கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும், அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இதை விளக்கியபோது மச்சான் கேட்டது: "அப்ப அரசாங்கம் வலை போட்டதா?" நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் செப்புக்காசுகள் சேகரிப்பவர்களிடம் மலிவாகவே கிடைக்கின்றன. பெரிய அறுக்குளா மீன் ஒன்றின் விலை கிடைத்தாலே அதிகம் என்றதும் படகு முதலாளியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

முதலில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். அங்கே எங்களைப் புதையல் தோண்டிப் பிடிபட்டவர்கள் மாதிரித்தான் பார்த்தார்கள். கையில் ஒரு கடிதமும் இல்லாமல் பொருளோடு போய் நின்றால் அப்படித்தான் பார்ப்பார்கள் போல. திரும்பி வந்து, தொல்பொருள் திணைக்களத்துக்குப் போன் செய்தேன். கட்டியைக் காயவிட வேண்டாம், தண்ணீரில் போட்டு வையுங்கள், இனித் தேய்க்க வேண்டாம் என்று முதல் வார்த்தையிலேயே சொன்னார்கள். உப்பு ஊறிய உலோகம் காய்ந்தால் உப்பு படிகமாகி உள்ளிருந்தே வெடிக்கவைக்கும். தேசிக்காய்ப் புளி செம்பையே தின்னும். பெயின்ட் வாளி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, கட்டியை அதில் அமிழ்த்தி, மூடி போட்டு த்ரீவீலில் கொழும்பு 7க்குக் கொண்டுபோனோம். தேசிய நூதனசாலை இருக்கிற அதே மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில்தான் திணைக்களமும்.

கடிதத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனது நல்லதாயிற்று. கிடைத்த திகதி, வள்ளத்தின் பதிவு இலக்கம், கூட இருந்தவர்கள், பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்த படங்கள், தேசிக்காய் விஷயம் உட்பட எல்லாம் அதில் இருந்தன. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தரலாமா என்று கேட்டோம், தரலாம் என்றார்கள். பற்றுச்சீட்டில் "காசுகள்" என்று மட்டும் இருந்தால் ஒப்பமிடாதீர்கள். எடை, அளவு, தனியாகப் பெயர்ந்த காசு எத்தனை என்பதெல்லாம் வர வேண்டும். நாளைக்கு யாராவது குறைகிறது என்றால் காட்டுவதற்கு அந்தத் தாள்தான் இருக்கிறது.

காத்திருக்கும்போது மச்சான், "ஒல்லாந்துக்காரன் வந்து கேட்டால்?" என்றான். இதில் விஷயம் இருக்கிறது. கம்பனியின் சொத்துக்கள் பிற்பாடு ஒல்லாந்து அரசுக்குப் போனதால் அதன் கப்பல்கள் தமக்குரியவை என்பது அந்த நாட்டின் நிலைப்பாடு. 1972இல் அவுஸ்திரேலியாவுடன் ஓர் ஒப்பந்தம் போட்டு, அந்தக் கரையில் மூழ்கியவற்றின் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற கம்பனிக் கப்பலை இலங்கையும் ஒல்லாந்தும் சேர்ந்தே ஆராய்ந்தன.

எல்லா இடத்திலும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. 1942இல் பம்பாயிலிருந்து டர்பனுக்குப் போன 'திலாவா' கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. 280 பேர் இறந்தார்கள். 2017இல் ஒரு தனியார் கம்பனி அதிலிருந்து 2,364 வெள்ளிக் கட்டிகளை எடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், மீட்புக் கூலி கேட்டு வழக்குப் போட்டது. அந்த வெள்ளி, நாணயம் அடிப்பதற்காகத் தென்னாபிரிக்க அரசு வாங்கியது. அந்த அரசை இந்த வழக்கில் இழுக்க முடியாது என்று 2024இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1708இல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்கு அருகே மூழ்கிய சான் ஹோசே கப்பலின் விஷயம் இன்னும் சிக்கல். கப்பல் எங்களுடையது என்கிறது ஸ்பெயின், கடல் எங்களுடையது என்கிறது கொலம்பியா, நாங்கள்தான் முதலில் கண்டோம் என்கிறது ஓர் அமெரிக்கக் கம்பனி, அதிலிருந்த வெள்ளியைத் தோண்டியவர்கள் எங்கள் முன்னோர் என்கிறார்கள் பொலிவியப் பழங்குடியினர். கடைசி ஆட்களின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது, சட்டம் எப்படியோ.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். காசைக் கொடுக்க மச்சானுக்கு மனம் வந்துவிட்டது. இடத்தைச் சொல்லத்தான் வரவில்லை. வலை மாட்டிய அந்தப் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, அவன் அப்பா காட்டிக்கொடுத்தது. அங்கே மீன் படும் என்று பக்கத்து வள்ளக்காரனுக்குக்கூடத் தெரியாது. அதிகாரிக்கோ காசைவிட இடம்தான் முக்கியம். இடம் தெரியாத காசு வெறும் செம்பு என்றார். தெற்குக் கரையில் உள்ள கொடவாயவில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கப்பல் தெரியவந்ததே சங்கு எடுக்க மூழ்கிய மீனவர்களால்தான் என்றும் சொன்னார். கடைசியில் இப்படி முடிந்தது: பொதுக் கடிதத்தில் "கொழும்புக்கு வடமேற்கே" என்று மட்டும் எழுதுவது, ஜீபிஎஸ் எண்களை மூடிய உறையில் தனியாகக் கொடுப்பது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள், மறுக்கவில்லை.

வெகுமதி பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. கடல் தணிந்ததும் சுழியோடிகளை அனுப்பிப் பார்ப்பார்களாம். படகு முதலாளி மட்டும் கிழிந்த வலைக்கு யார் பொறுப்பு என்று இன்னும் கேட்கிறார். அதற்கு எந்தக் கட்டளைச் சட்டத்திலும் இடம் காணோம். வலைக் காசில் பாதியை மச்சான் கொடுத்திருக்கிறான், மீதியை என்னிடம் கேட்கிறார்.