வெள்ளத்தில் நின்ற பூச்சாடிகளை மீட்டது

2024 நவம்பர் கடைசியில், பின்னர் பெங்கல் எனப் பெயர் பெற்ற தாழமுக்கம் யாழ்ப்பாணத்தில் கொட்டிய மழையில், எங்கள் முற்றத்துப் பூச்சாடிகள் நாட்கணக்கில் வெள்ளத்துக்குள் நின்றன. மழை ஓய்ந்து வெயில் எறிக்கத் தொடங்கியதும் செவ்வரத்தை, நந்தியாவட்டை, குரோட்டன், மல்லிகை எல்லாமே வாடித் தொங்கின. “வாடின செடிக்குத் தண்ணி விடாமல் பாத்துக்கொண்டு நிக்கிறியோ, பிள்ளை?” என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார்.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் குறை நீரில் இல்லை, வேரில் இருக்கிறது. மண்ணின் இடுக்குகளில் காற்றுக்குப் பதிலாக நீர் நிறைந்ததால் வேர்கள் மூச்சு முட்டி, நீரை உறிஞ்சும் வலுவை இழந்திருந்தன. முதலில் சாடிகளைச் சீமெந்துத் தரையிலிருந்து தூக்கிச் செங்கற்களின் மேல் வைத்து, சேறு அடைத்திருந்த அடித்துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிட்டு, உச்சி வெயில் படாதபடி மேலே கிடுகு கட்டினேன்.

மிகவும் சோர்ந்திருந்த நந்தியாவட்டையைச் சாடியோடு சரித்து வெளியே எடுத்தபோது சாக்கடை நாற்றம் அடித்தது. கபில நிற வேரொன்றை விரலிடையில் பிடித்து இழுத்தால் மேல்தோல் கழன்று கையோடு வர, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் எஞ்சியது. அத்தகைய வேர்களை வெட்டி அகற்றிவிட்டு, செம்மண்ணும் மணலும் தும்புச்சோறும் கலந்த பொலபொலப்பான புதுக் கலவையில் அதை நட்டேன். செவ்வரத்தையின் வேர்கள் வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தபடியால் அதைக் கிளறவில்லை.

அதற்குப் பிறகு செய்ததைவிடச் செய்யாமல் விட்டதே அதிகம். உரம் போடவில்லை, காயப்பட்ட வேருக்கு உரத்தின் உப்பு மேலும் கேடு. கனடாவில் இருக்கும் என் தங்கை, உறைபனியில் கருகிய சாடிச் செடிகளை வசந்தம் வரும்வரை வெட்டாமல் வைத்திருந்து, பட்டையைச் சுரண்டிப் பார்த்தே எந்தக் கிளையை வெட்டுவது என்று தீர்மானிப்பாள். காரணம் வேறென்றாலும் அந்த முறை இங்கும் பொருந்தியது. இலை முழுவதையும் உதிர்த்துவிட்ட குரோட்டனின் தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டியபோது உள்ளே பச்சை தெரிந்ததால் அப்படியே விட்டேன். தை மாதத்தில் கணுக்களில் சிவந்த முளைகள் கண்டன. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மாத்திரமே தண்ணீர் ஊற்றினேன்.

செவ்வரத்தையின் புதுத் தளிர்கள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வந்தன. சுண்ணாம்புப் பாறையில் ஊறிய நமது கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் செடிக்கு இரும்புச்சத்து எட்டாமற் போவதுண்டு. தொட்டியில் பிடித்து வைத்திருந்த மழைநீரை ஊற்றிய பின் வந்த இலைகள் பச்சையாகவே இருந்தன.

மல்லிகை தப்பவில்லை. அடித்தண்டு வரை சுரண்டியும் கபிலமே தெரிந்தது. வேரழுகல் மற்றச் செடிகளுக்கும் தொற்றக்கூடும் என்பதால் அந்த மண்ணை எந்தச் சாடியிலும் சேர்க்காமல், செடிகள் இல்லாத கோடிப்புறத்தில் கொட்டிவிட்டு, சாடியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.