பிறை இருந்த இடத்தில் ரோஜா

என் முகப்புப் படத்தில் நெற்றி நிறையத் திருநீறு, கையில் வேல். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனபோது தாராபுரத்துக்குப் பக்கத்தில் எடுத்தது. காலெல்லாம் கொப்புளம், முகத்தில் மட்டும் அத்தனை சந்தோஷம். அதனாலேயே மாற்றவில்லை. ஏன் வைத்திருக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

திருப்பூரில் என்னோடு ஒரே பனியன் கம்பெனியில் கட்டிங் பார்க்கும் நண்பனின் வாட்ஸ்அப் படத்தில் பிறையும் நட்சத்திரமும். போன வாரம் வாடகை வீடு கேட்டுப் பேசினான். "சரிங்க, சாயங்காலம் வந்து பாருங்க" என்ற வீட்டுக்காரர், அரை மணி நேரத்தில் "வேற ஆளுக்குக் குடுத்தாச்சுங்க" என்று செய்தி அனுப்பினார். அந்த வீட்டு வாசலில் 'வாடகைக்கு' பலகை இன்னும் தொங்குகிறது.

நேற்றுப் பார்த்தால், பிறை இருந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ. எனக்கு மனசே ஆறவில்லை.

முகநூல் 2022 டிசம்பரில் மதம் என்ற கட்டத்தையே சுயவிவரத்திலிருந்து எடுத்துவிட்டது. கட்டம் போனால் என்ன, படமும் பெயரும் இருக்கிறதே. தன் மதத்தை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ள அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு எல்லோருக்கும் உரிமை தந்திருக்கிறது. எனக்கு வேல் எப்படியோ, அவனுக்குப் பிறை அப்படி.

மாப்ள, இதைப் படிப்பாய் என்று தெரியும். பழைய படத்தையே வை. எங்கள் வீதியில் ஒரு மாடி வீடு காலியாகிறது. ஞாயிற்றுக்கிழமை நானே கூட வந்து பேசுகிறேன்.