பேஸ்மட்டம் எவ்வளவு உயரம்?

காலநிலை இடரை மாடல் செய்யும் வேலை, அதாவது வெள்ளமும் வெப்பமும் ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு இழப்பு தரும் என்று கணக்கிடும் வேலை, என்றதும் சூப்பர் கம்ப்யூட்டரும் சிவப்பு பூசிய உலக வரைபடமும்தான் பலருக்கும் கண்முன் வரும். நடைமுறையில் முதல் இரண்டு மூன்று வாரங்கள் ஒரு எக்செல் கோப்போடு போய்விடும். நிறுவனத்தின் சொத்துப் பட்டியல் அது. ஆலையின் பெயர் இருக்கும், கணக்குப் புத்தக மதிப்பு இருக்கும், ஒரு முகவரியும் இருக்கும். அந்த முகவரியில் ஆலை இருக்கிறதா என்பது வேறு விஷயம். பல நேரங்களில் அது பதிவு அலுவலகத்தின் முகவரி.

முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றித் தரும் மென்பொருள் தோற்றுப்போனால் சத்தம் போடாது. தெரு கிடைக்கவில்லையா, அஞ்சல் வட்டாரத்தின் மையப் புள்ளியைக் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். தசமத்துக்குப் பின் இரண்டே இலக்கம் இருந்தால் அந்தப் புள்ளியின் துல்லியமே ஏறக்குறைய 1.1 கிலோமீட்டர்தான். ஆற்றோரத்தில் நூறு மீட்டர் தள்ளினாலே வெள்ளத்துக்கு உள்ளே, வெளியே என்பது மாறிவிடும். ஆகவே எந்த மாடலையும் ஓட்டுவதற்கு முன் செய்யும் சோதனைகள் மிகச் சாதாரணமானவை. இரண்டு ஆலைகளுக்கு ஒரே புள்ளி விழுந்திருக்கிறதா? ஏதாவது கடலில் மிதக்கிறதா? அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கிறதா? பிறகு மதிப்பு அதிகமுள்ள இருபது முப்பது இடங்களைச் செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து, கூரை தெரிகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகள் இடரை மூன்றாகப் பிரிக்கின்றன: வரும் ஆபத்து, அதன் பாதையில் நிற்கும் சொத்தும் மனிதர்களும், அடி விழுந்தால் எவ்வளவு நோகும் என்ற பலவீனம். காசும் கவனமும் முதலாவதற்கே போகின்றன. கணக்கைக் கவிழ்ப்பவை மற்ற இரண்டும்.

ஒரு கிட்டங்கியை எடுத்துக்கொள்வோம். வெள்ள வரைபடம் அங்கே 1.2 மீட்டர் தண்ணீர் நிற்கும் என்கிறது. இது நிலத்திலிருந்து அளந்த ஆழம். கட்டடத்தின் பேஸ்மட்டம், அதாவது நிலத்திலிருந்து உள்தரை எழும்பி நிற்கும் உயரம், 0.9 மீட்டர் என்றால் உள்ளே வருவது 30 சென்டிமீட்டர்தான். கீழ்த்தட்டுச் சரக்கு மட்டும் நனையும். பேஸ்மட்டம் 0.3 மீட்டர் என்றால் உள்ளே 90 சென்டிமீட்டர்: மின்பலகை, மோட்டார், கீழிருந்து இரண்டு அடுக்குச் சரக்கு எல்லாம் போச்சு. இந்த ஒரு எண் சொத்துப் பட்டியலில் அநேகமாக இருப்பதே இல்லை. இல்லாவிட்டால் பூஜ்யம் என்றோ, ஏதோ ஒரு சராசரி என்றோ நிரப்புவார்கள். அந்த நிரப்பல் இறுதி அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் தெரியாது.

நிலத்தின் உயரமே சந்தேகத்துக்குரியது என்பது அடுத்த தலைவலி. 2000 பிப்ரவரியில் விண்கல ரேடார் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இன்னமும் பரவலாகப் பயன்படுகிறது. அந்த ரேடார் மரத்தின் தலையையும் கூரையையும் கிட்டத்தட்ட தரையாகவே பதிவு செய்தது. தோப்புக்கு நடுவிலுள்ள ஆலை மேட்டில் நிற்பதுபோலத் தெரியும். மாடலில் அங்கே தண்ணீர் ஏறாது. காட்டையும் கட்டடங்களையும் கழித்துத் தரும் ஃபேப்டெம் போன்ற தரவுகள் 2022 வாக்கில் வந்தபின் நிலைமை கொஞ்சம் தேறியது. ஆனாலும் பிழை மீட்டர் கணக்கில்தான் இருக்கிறது. பேஸ்மட்டத்தை நாம் சென்டிமீட்டரில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆழம் தெரிந்ததும் அதைச் சேத விகிதமாக மாற்ற வளைகோடு வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2017இல் கண்டம் வாரியாக வெளியிட்ட ஆழம்-சேத வளைகோடுகளைத்தான் பலரும் எடுக்கிறார்கள். ஆயிரம் கட்டடங்களின் சராசரிக்கு அவை நல்ல துணை. ஒரே ஓர் ஆலைக்கு அல்ல. ஆலையின் சேதம் வழவழப்பான கோட்டில் ஏறாது, படிக்கட்டாக ஏறும். தண்ணீர் மின்பலகையின் அடி விளிம்பைத் தொடும்வரை செலவு கழுவித் துடைக்கும் கூலி மட்டும். தொட்ட நொடியில் பலகை முழுவதும் போகும். அந்த விளிம்பு எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று ஆலை எலக்ட்ரீஷியனிடம் போனில் கேட்டு வாங்கும் எண், பத்து ஆய்வுக் கட்டுரைகளைவிட அதிகம் உதவும்.

அடுத்து ஆண்டுச் சராசரி இழப்பு. அறிக்கைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் எண்ணும் இதுதான், அதிகம் ஏமாற்றும் எண்ணும் இதுதான். 10, 50, 100, 500 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளங்களுக்குச் சேதம் முறையே சொத்து மதிப்பில் 0, 8, 15, 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நிகழ்தகவை ஒரு அச்சிலும் சேதத்தை மற்றொன்றிலும் வைத்து, புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து, கீழுள்ள பரப்பைக் கூட்டினால், 500 ஆண்டு வெள்ளத்தையும்விட அபூர்வமானவற்றின் வால்பகுதியையும் சேர்த்து ஆண்டுக்கு 0.735 சதவீதம் வரும். அதில் 0.32 எங்கிருந்து வருகிறது? 10 ஆண்டுக்கும் 50 ஆண்டுக்கும் இடையிலுள்ள முக்கோணத்திலிருந்து. அந்த இடைவெளியில் நம்மிடம் ஒரு புள்ளிகூட இல்லை. கோட்டை இழுத்தது நாம். உண்மையில் 30 ஆண்டு வெள்ளம் வரை கரை தாங்கும், சேதம் அதன்பிறகுதான் தொடங்கும் என்றால் அந்த 0.32 ஏறக்குறைய 0.05 ஆகச் சுருங்கும், மொத்தம் 0.47. காலநிலையைத் தொடாமலே இழப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது. கரையின் உயரத்தை விசாரிக்காமல் 2050க்கான காட்சிகளை (உமிழ்வு இப்படிப் போனால் காலநிலை எப்படி இருக்கும் என்ற அனுமானங்களை) ஒப்பிடுவதில் என்ன பயன்?

'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லையும் விளக்காமல் விடக்கூடாது. ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்பு என்பது 30 ஆண்டுக் கடன் காலத்தில் 26 சதவீதம். இன்னொரு பிழை கூட்டலில் வருகிறது. பத்து ஆலைகளின் நூறாண்டு இழப்புகளைக் கூட்டினால் அது நிறுவனத்தின் நூறாண்டு இழப்பு ஆகாது. பத்தும் ஒரே ஆண்டில் மூழ்குவது அதைவிட அபூர்வம். ஒரே ஆற்றுப் படுகையில் மூன்று ஆலைகள் இருந்தாலோ, அவை சேர்ந்தே மூழ்கும். இதற்குப் புள்ளி வரைபடம் போதாது. எந்தப் புயல், எந்த மழை எந்தெந்த இடங்களை ஒருசேரத் தொடுகிறது என்று ஆயிரக்கணக்கான நிகழ்வுகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் மொத்த இழப்பைக் கணக்கிட வேண்டும். சூரிச் இடிஎச் பல்கலைக்கழகத்தில் உருவான கிளைமாடா போன்ற திறந்தமூல மென்பொருள்கள் இந்த முறையில்தான் இயங்குகின்றன.

இதுவரை பேசியது நனைந்த சொத்து மட்டும். தொழிலைச் சாய்ப்பது பெரும்பாலும் நின்றுபோன நாட்கள். 2011இல் தாய்லாந்தின் சாவ் ப்ரயா படுகையில் ஏழு தொழிற்பேட்டைகள் மூழ்கின. சேதமும் இழப்பும் சேர்த்து 4,650 கோடி அமெரிக்க டாலர் என்று உலக வங்கி கணித்தது. அயூத்தயாவில் ஹோண்டாவின் கார் ஆலை அக்டோபரில் மூழ்கி, 2012 மார்ச் மாதம்தான் மீண்டும் ஓடியது. டொயோட்டாவின் தாய்லாந்து ஆலைகளுக்குள் தண்ணீர் வரவேயில்லை. ஆனாலும் உதிரிபாகம் கொடுத்தவர்கள் மூழ்கியதால் அவை வாரக்கணக்கில் நின்றன. சொத்துப் பட்டியலை மட்டும் வைத்துக் கணக்கிடும் மாடலில் டொயோட்டாவின் இழப்பு பூஜ்யம் என்று வந்திருக்கும்.

நின்ற நாட்களைக் கணக்கிட நான்கு துண்டுகளை அடுக்க வேண்டும். தண்ணீர் வடிய எத்தனை நாள், கழுவி உலர்த்த எத்தனை நாள், மாற்று இயந்திரம் வந்துசேர எத்தனை வாரம், ஆய்வும் அனுமதியும் முடிய எத்தனை நாள். மூன்றாவதுதான் மற்றவற்றை விழுங்கும். மின்மாற்றிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது சாதாரணம். அதே வெள்ளத்தில் நனைந்த பக்கத்து ஆலைகளும் அதே வரிசையில்தான் நிற்கும். இந்த நாட்களிலிருந்து கையிருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்பதைக் கழிக்க வேண்டும். கையிருப்பை நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஆண்டுக்கு எத்தனை சுழற்சி என்று சொல்லும். அதை நாளாக மாற்றினால் வருவது எல்லாப் பொருட்களின் சராசரி. நிற்க வைப்பதோ மூன்று நாளுக்கு மட்டும் இருப்பு வைத்திருக்கும் ஏதோ ஒரு சிறு பாகம்.

வட்டாரப் பொருளாதாரத்துக்கு ஏறும்போது கருவி மாறுகிறது. பொருளியலாளர் லியான்டிஃப் உருவாக்கிய உள்ளீடு-வெளியீடு அட்டவணையில் ஒவ்வொரு தொழிலும் மற்றதிடம் எவ்வளவு வாங்குகிறது என்பது நிலையான விகிதம். சிமென்ட் பத்து சதவீதம் குறைந்தால் கட்டுமானமும் அப்படியே குறையும். வேறு ஊரிலிருந்து வாங்க வழியில்லை. அதனால் இழப்பு பெருத்துக் காட்டும். பொதுச் சமநிலை மாடல்கள் இதற்கு நேரெதிர்: விலை நகர்ந்ததும் எல்லாரும் மாற்றுப் பொருளுக்குத் தாவிவிடுவார்கள், இழப்பு சுருங்கிவிடும். முதல் சில வாரங்களைப் பொறுத்தவரை உள்ளீடு-வெளியீடு அட்டவணையும், சில ஆண்டுகள் கடந்தபின் பொதுச் சமநிலை மாடலும் உண்மைக்குப் பக்கத்தில் வருகின்றன என்பது என் அபிப்பிராயம். நடுவிலுள்ள மாதங்களுக்காக பொருளியலாளர் ஸ்டெஃபான் ஹாலகாட் 2008இல் வெளியிட்ட ஏரியோ மாடல் பழுதுபார்க்கும் திறனின் வரம்பையும் கணக்கில் எடுத்தது. கத்ரீனா புயலால் அமெரிக்காவின் லூசியானாவில் நேரடி இழப்பு 10,700 கோடி டாலர் என்றால் மொத்தம் 14,900 கோடி என்று அது காட்டியது. சின்ன அடியில் மறைமுக இழப்பு சொற்பம். ஒரு வரம்பைத் தாண்டியதும் வேகமாக ஏறுகிறது, ஏனென்றால் கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போக முடியாது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. இயந்திரத்தின் மதிப்பு என்பதே அது இனி ஈட்டப்போகும் வருமானத்தின் இன்றைய மதிப்பு. இயந்திர இழப்பையும் அது ஓடாததால் போன உற்பத்தி முழுவதையும் கூட்டினால் ஒரே பணத்தை இருமுறை எண்ணுகிறோம். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மாயம்: புனரமைப்புச் செலவு வட்டார உற்பத்தியில் வளர்ச்சியாகப் பதிவாகும். வெளியிலிருந்து காப்பீட்டுப் பணம் வந்த ஆண்டில் பேரிடர் லாபம்போலத் தெரியும்.

எல்லா அடியும் சுவரை இடிப்பதில்லை. 2018 அக்டோபரில் ஜெர்மனியில் ரைன் நதியின் நீர்மட்டத்தைக் காட்டும் காவ்ப் அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. (அளவுகோலின் எண் கப்பல் தடத்தின் ஆழம் அல்ல, இதைக் குழப்பிக்கொண்ட கணக்குகள் ஏராளம்.) கப்பல்கள் பாதிச் சுமைக்கும் கீழே ஏற்றின, சில நின்றன; லூட்விக்ஸ்ஹாஃபன் ரசாயன ஆலை உற்பத்தியைக் குறைத்தது. காவ்ப்பில் 78 சென்டிமீட்டருக்குக் கீழே ஒரு மாதம் இருந்தால் ஜெர்மானியத் தொழில் உற்பத்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது என்று கீல் உலகப் பொருளாதார நிறுவனம் கணித்தது. ஓர் அளவுகோலிலிருந்து ஒரு நாட்டின் உற்பத்தி வரை நேராகப் போகும் இப்படிப்பட்ட தொடர்பு கிடைப்பது அபூர்வம்.

வெப்பம் வேறு மாதிரி. தொழிலாளியின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பமும் ஈரப்பதமும் கதிர்வீச்சும் சேர்ந்த ஈரக்குமிழ்-கோள வெப்பக் குறியீடு. நாளின் சராசரி வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டால் மதிய மூன்று மணி நேரம் தொலைந்துவிடும். காலநிலை மாடல் தரும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தனித்தனியாகப் பிழைதிருத்தினால் சில நாட்களில் ஒப்பு ஈரப்பதம் 100 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். அதைப் பார்க்காமலே அடுத்த கட்டத்துக்குப் போன கோப்புகள் உண்டு.

மேலிருந்து கீழே வரும் முழு உலகச் சமன்பாடுகளை நம்பி வட்டாரத்துக்கு எண் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் அதிகம். பொருளியலாளர் நார்ட்ஹாஸின் டைஸ் மாடலின் 2016 பதிப்பில் 3 டிகிரி வெப்பமேற்றத்துக்கு உலக உற்பத்தி இழப்பு 2.1 சதவீதம். 2024இல் நேச்சர் இதழில் வந்த ஒரு புள்ளியியல் ஆய்வு, நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் உலக வருமானம், காலநிலை மாற்றம் இல்லாவிட்டால் இருந்திருக்கும் அளவைவிட 19 சதவீதம் குறையும் என்றது. மத்திய வங்கிகளின் என்ஜிஎஃப்எஸ் வலையமைப்பும் அதைத் தன் காட்சிகளில் ஏற்றது. பிறகு உஸ்பெகிஸ்தானின் 1990களின் பொருளாதாரத் தரவிலிருந்த கோளாறு முடிவை எவ்வளவு இழுத்திருக்கிறது என்பது அம்பலமானது. 2025 டிசம்பரில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஒரே நாட்டின் சில வரிசைகள்.

அதனால் அறிக்கையோடு ஒரு பக்கத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்: ஒவ்வொரு உள்ளீட்டையும் ஒவ்வொன்றாக மேலும் கீழும் ஆட்டி, முடிவு எவ்வளவு நகர்கிறது என்ற பட்டை வரைபடம். 2040 வரையிலான காலத்துக்கு உமிழ்வுக் காட்சியை மாற்றினால் பட்டை பொதுவாகக் குட்டையாகவே நிற்கும். கரை உயரம், இயந்திரம் வரும் வாரங்கள், பேஸ்மட்டம் ஆகிய மூன்றும் நீளமாக ஓடும். முதலாவதை நீர்வளத் துறையிடம் கேட்க வேண்டும், இரண்டாவதைக் கொள்முதல் பிரிவிடம். மூன்றாவதை அளக்க ஒரு லெவல் கருவியும் அரை நாளும் போதும்.