மயிலுக்கு வைத்த ஷாக் சைக்கிளுக்குப் போனது

கோவையில் நாய்ப் பயிற்சி வேலைக்கு வந்து 11 வருடம் ஆகிறது. முதல் நாலு வருடம் என் பையில் ஷாக் காலர் இருந்தது, எங்கள் பேச்சில் கரண்ட் பெல்ட். ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாயைப் பழக்க ஷாக் காலர் வேண்டுமா கூடாதா என்கிற சண்டையில் சத்தமாகப் பேசுகிற பலர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்த்ததில்லை.

பெல்ட்டில் ஒரு சின்னப் பெட்டி, கழுத்துத் தோலை அழுத்தித் தொடுகிற இரண்டு உலோக முனைகள், நம் கையில் ரிமோட். பீப், அதிர்வு, ஷாக் என்று மூன்று பொத்தான். என்னுடையதில் ஷாக்குக்கு 1 முதல் 100 வரை அளவு இருந்தது. "எறும்பு கடிச்ச மாதிரிதான்டா" என்றார் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மாஸ்டர். முன்கையில் வைத்து 20-ல் அழுத்திப் பார்த்தேன், சரி, எறும்புதான். 60-ல் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டேன். இத்தனைக்கும் எப்போது அழுத்தப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். நாய்க்கு அதுவும் தெரியாது.

தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்றரை வயது சிப்பிப்பாறை, ஆண். பிரச்சினை மயில். அங்கே மயில்கள் கோழி மாதிரி சுற்றும், நாய் ஒன்றைக் கவ்வி இறகைப் பிய்த்திருக்கிறது. "தம்பி, இது மயிலக் கொன்னுதுன்னா பாரஸ்ட்காரங்க என்னையத்தான் புடிப்பாங்க, எப்படியாச்சும் நிறுத்திக் குடுங்க" என்றார் தோட்டக்காரர். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை, அவர் பயந்ததில் தப்பில்லை. முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனத்திடம், ஓடுவதைத் துரத்தாதே என்று சொல்லப் போகிறோம், அதுவும் பத்து நாளில்.

சிப்பிப்பாறைக்கு முடி குட்டை, தோல் மெல்லிசு, லேப்ரடாருக்கு வைக்கிற அளவை இதற்கு வைக்கக் கூடாது என்பதால் 15-ல் ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வரப்பிலிருந்து ஒரு மயில் ஓட, இவன் பாய, அழுத்தினேன். நிற்கவில்லை. துரத்துகிற வெறியில் அந்த வலி உறைக்காது. 30-க்கு ஏற்றி மறுபடி அழுத்திய அதே நொடியில் வீட்டுப் பாப்பா பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் மணியடித்துக்கொண்டு கேட்டுக்குள் வந்தாள். நாய் வீறிட்டுச் சுருண்டு விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து அது திரும்பிப் பார்த்தது சைக்கிளை.

மயில் மோகம் கொஞ்சமும் குறையவில்லை. சைக்கிள் மணி கேட்டால் மட்டும் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டான், ஒரு வாரத்தில் உறும ஆரம்பித்தான். "உறுமுனா அதுக்கும் ஒரு தட்டு தட்டுங்க" என்றார் தோட்டக்காரர். அங்கேதான் கை நின்றது. உறுமல் என்பது கடிக்கு முன்னால் நாய் தருகிற நோட்டீஸ். அதை ஷாக் வைத்து அடக்கினால் நோட்டீஸ் நின்றுபோகும், பயம் உள்ளே அப்படியே இருக்கும், அடுத்தது சத்தமில்லாத கடி, அதுவும் பத்து வயதுப் பிள்ளைக்கு.

அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஷாக் வைத்துக் காவல் பயிற்சி பெற்ற ஜெர்மன் ஷெப்பர்டுகளை நெதர்லாந்தில் கவனித்திருக்கிறார்கள், 2004-ல் வந்த ஆய்வு. ஷாக் கொடுக்காத நேரத்திலும், மைதானத்துக்கு வெளியே பூங்காவிலும்கூட, பயிற்சியாளரும் அவர் கட்டளையும் வந்தாலே வலி வரும் என்று அவை எடுத்துக்கொண்டிருந்தன. என் நாய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டது, அவை ஆளையே பிடித்துக்கொண்டன.

மாஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். "லாரியில அடிபட்டுச் சாகறதுக்கு நாலு ஷாக் மேல்" என்பார், அது முட்டாள் பேச்சு இல்லை. நியூசிலாந்தில் கிவிப் பறவையைத் தொடாமலிருக்க வேட்டை நாய்களை இதே காலரை வைத்துத்தான் பழக்குகிறார்கள், அதற்குச் சான்றிதழே உண்டு. கிவிக்குப் பறக்கத் தெரியாது, ஒரு நாய் போதும். அந்தக் காரணத்தை என்னால் சும்மா தள்ள முடியவில்லை. ஆனால் கூப்பிட்டால் வராத நாய்க்கும், போன் பேசும்போது குரைக்கிற நாய்க்கும் அதே பெல்ட்டை மாட்டிவிட்டு லாரியைக் காரணம் காட்டுவது வேறு கதை. கூப்பிட்டால் வராத மாதிரி புகார்களுள்ள 63 நாய்களை இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் காலர் வைத்தும் வைக்காமலும் எனப் பிரித்துப் பழக்கி, முடிவை 2020-ல் வெளியிட்டார்கள். காலரால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை, தீனி கொடுத்துப் பழக்கியவையே நன்றாகக் கேட்டன. வேல்ஸ் 2010-லேயே இந்தக் காலரைத் தடை செய்துவிட்டது. பக்கத்து இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியில் வரவேண்டிய தடை வராமலே நின்றது.

தோட்டக்காரரிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பத்து மீட்டர் கயிறு, ஒரு விசில், பையில் வேகவைத்த ஈரல் என்று ஐந்து மாதம் வாரம் இரண்டு நாள் போனேன். பாதிதான் ஜெயித்தேன். விசில் அடித்தால் பத்தில் எட்டுத் தடவை திரும்புவான், மயில் மிகப் பக்கத்தில் ஓடினால் திரும்ப மாட்டான், அதனால் கயிறு கழுத்திலேயே இருக்கிறது.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்து பையை மோந்தான். அந்தப் பெண் இப்போது காலேஜ் போகிறாள், ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய சைக்கிள் வேலிக்கு வெளியே வேப்ப மரத்தில் சாய்ந்து நிற்கிறது, உள்ளே கொண்டு வருவதில்லையாம்.