மூன்றாவது முகம்

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அக்கா மகளுக்குப் பவுடர் வாங்க நின்றேன். பதினோரு வயசு. கடை அலமாரியில் சிவப்பழகு க்ரீம் அட்டை ஒன்று: ஒரே முகம் ஆறு முறை, வரிசையாக வெளுத்துக்கொண்டே போகிறது. பிள்ளை தன் புறங்கையை அதோடு ஒட்டிப் பார்த்தாள். மூன்றாவது முகத்தில் நின்றது. "சித்தி, இன்னும் மூணு போகணும்லா?" எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

மேல்நாட்டில் வெள்ளைத் தோலைப் பழுப்பாக்க லோஷன் விற்கிறார்கள். அந்த விளம்பரப் பெண் கடற்கரையில் நிம்மதியாகச் சாய்ந்திருப்பாள். நம்மூர் விளம்பரங்களில் கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை அமையாது என்றே எத்தனை காலம் காட்டினார்கள்! ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. பெயரிலிருந்து 'ஃபேர்' போனது 2020இல்தான். ஒரு தலைமுறைக்கும் மேல்.

பவுடர் வாங்காமலே வந்துவிட்டோம். பஸ்ஸில் அவள் கையை என் கைமேல் வைத்துக்கொண்டேன். "பாரு மக்ளே, ஆச்சி நிறம்."