பத்துக் கோலும் படுத்திருக்கும் வீரனும்

என் கொழுந்தியாள், படச்சீட்டு எடுத்துப் பலன் சொல்லும் டாரோவைக் கற்றுக்கொண்டதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவள் எதிரில் பெருமூச்சு விடுவதில்லை. விட்டால் கைப்பையிலிருந்து சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். பெரியவனின் பரீட்சை, மாமியாரின் மூட்டுவலி, பக்கத்து வீட்டுப் பூனை காணாமல் போனது வரைக்கும் பார்த்து முடித்துவிட்டாள். (பூனை தானாகத்தான் வந்தது. ஆனால் அது அவள் கணக்கில் சேர்ந்துவிட்டது.) நேற்று மாட்டியது நான். சோபாவில் சாய்ந்தபடி, "ஏன்தான் எப்போதும் இப்படி அசதியாகவே இருக்கிறதோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"நல்ல கேள்வி அத்தான்" என்று வந்து உட்கார்ந்தாள். ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வி டாரோவுக்கு ஆகாதாம். ஏன், எப்படி என்றுதான் கேட்க வேண்டுமாம். நான் கேள்வியே கேட்கவில்லை, புலம்பினேன் என்று சொல்லி முடிப்பதற்குள் 78 சீட்டையும் கலைத்து, இரண்டை எடுத்து அருகருகே வைத்துவிட்டாள்.

முதல் சீட்டு டென் ஆஃப் வாண்ட்ஸ், அதாவது பத்துக் கோல். ஒரு மனிதன் பத்து நீளக் கோல்களை மொத்தமாக அணைத்துத் தூக்கிக்கொண்டு கூனிக் குறுகி நடக்கிறான். முகம் கோல்களுக்குள் புதைந்து கிடக்கிறது. இரண்டாவது ஃபோர் ஆஃப் ஸ்வார்ட்ஸ், நாலு வாள். கவசம் போட்ட வீரன் ஒருவன் கைகூப்பியபடி மல்லாந்து படுத்திருக்கிறான். மேலே சுவரில் மூன்று வாள், கீழே பக்கவாட்டில் ஒன்று.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடமாக நான் சொல்லி யாரும் நம்பாததை இரண்டு அட்டைத் துண்டுகள் சொல்லிவிட்டன. "பார்த்தீர்களா, பாரம் சுமக்கிறேன், ஓய்வு வேண்டும் என்கிறது. தெளிவாக இருக்கிறது" என்றேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இதில் நீங்கள் யார்?" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததற்கு வாசிப்பு என்று பெயர் சொல்வது தவறு. விசாரணை.

ஜோடியாக வரும் சீட்டுகளைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாதாம், இரண்டும் சேர்ந்து ஒரே வாக்கியமாம். கொழுந்தியாள் பாடம் எடுத்தாள். "வாண்ட்ஸ் நெருப்பு, ஸ்வார்ட்ஸ் காற்று. ரெண்டும் சிநேகம். கோப்பைச் சீட்டான கப்ஸ் வந்திருந்தால் அது தண்ணீர், நெருப்பை அணைத்திருக்கும். காற்று என்பதால் ஊதிப் பெரிதாக்கும்."

"அதாவது இவர் படுக்கப் படுக்க கோல் தூக்குகிறவனுக்குச் சுமை ஏறும்" என்றாள் மனைவி, போர்வையின் நுனியை நுனியோடு சேர்த்தபடி. டாரோவைப் பற்றி இதுவரை ஒரு பக்கம்கூடப் படித்திராதவள்.

நான் வரிசையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் கோல், பிறகு வாள். ஆகவே முதலில் உழைப்பு, பிறகு ஓய்வு, இரண்டும் ஒரே ஆள்தான் என்றேன். கொழுந்தியாளும் அப்படிப் படிக்கலாம் என்று பாதி ஒத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துச் சின்னவள் வாள் சீட்டைத் தலைகீழாகத் திருப்பி, "அப்பா கட்டிலிலிருந்து விழுந்துட்டார்" என்றாள். சபையில் பெரும் சிரிப்பு. சீட்டு தலைகீழாக வந்தால் ஓய்வு முடிந்தது, எழுந்திரு என்று பொருளாம். அதை எல்லோரும் ஏன் என்னைப் பார்த்துச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

இன்னொரு சீட்டு எடு, மீதி 76-ல் எனக்கு ஆதரவாக ஒன்றுகூடவா இருக்காது என்று மன்றாடினேன். பதில் பிடிக்கவில்லை என்பதற்காக மறுபடி எடுப்பது தர்மமில்லை என்று மறுத்துவிட்டாள். ரோஷத்தில் போனை எடுத்துப் படித்தேன். 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இது வெறும் விளையாட்டுச் சீட்டு. 1781-இல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் இதில் எகிப்தின் பழைய ஞானம் ஒளிந்திருக்கிறது என்று ஆதாரமில்லாமல் எழுதப்போக, வினை பிடித்தது. அதைவிடப் பெரிய அநியாயம் 1909-இல் நடந்தது. அதற்கு முந்தைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் இந்த எண் சீட்டுகளில் ஆட்களே கிடையாது. பத்துக் கோல் என்றால் பத்துக் கோல், நாலு வாள் என்றால் நாலு வாள். தன் புதுக் கட்டுக்காக ஆர்தர் வெயிட் என்ற எழுத்தாளர் கேட்டார் என்று பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் பெரும்பாலானவற்றில் மனிதர்களை வரைந்துவைத்தார். அவர் மட்டும் சும்மா இருந்திருந்தால் என்னை யாரும் படத்தில் அடையாளம் காட்டியிருக்க முடியாது.

"அத்தனை படத்தையும் வரைந்துவிட்டு, பெரிய வேலை, காசு ரொம்பக் கம்மி என்று நண்பருக்குக் கடிதம் எழுதினாராம்" என்று நானே வாசித்துத் தொலைத்தேன்.

"பத்துக் கோலை அவ்வளவு சரியாக வரைந்திருக்கிறாரே என்று பார்த்தேன்" என்றாள் மனைவி.

கடைசி அஸ்திரமாக, படுத்திருப்பவன் தூங்கவில்லை, அது கல்லறையின் மேல் செதுக்கிய சிலை என்று எடுத்துச் சொன்னேன்.

"சிலை என்றுதான் நானும் இத்தனை வருடமாகச் சொல்கிறேன்."

கொழுந்தியாள் கிளம்பிய பிறகு கொஞ்ச நேரம் கோபமாகப் படுத்திருந்தேன். அப்போது அறைக் கதவு முழங்கையால் தள்ளித் திறந்தது. மடித்த துணி ஒரு கோபுரம் உள்ளே வந்தது. போர்வை, துண்டு, என் சட்டைகள், பெரியவனின் சீருடை, எல்லாவற்றுக்கும் மேலே சின்னவளின் குட்டிச் சாக்ஸ் ஒரு ஜோடி. முகம் தெரியவில்லை. கால் விரல்கள் மட்டும் தரையைத் தடவித் தடவி வழி பார்த்துக்கொண்டிருந்தன.

எழுந்து போய்ப் பாதியை வாங்கினேன். மேல் பாதி இறங்கியதும் அவள் முகம் தெரிந்தது. நெற்றியில் ஒரு நூல் ஒட்டியிருந்தது. "பரவாயில்லையே, சிலைக்கு உயிர் வந்துவிட்டது" என்றாள். சிரித்தாள்தான். பத்தில் பாதி ஐந்து என்று எனக்கும் பெருமையாக இருந்தது.

ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸுக்கு என்ன படம் என்று கொழுந்தியாளிடம் குறுஞ்செய்தியில் கேட்டேன். ஐந்து பேர் ஆளுக்கொரு கோலை ஓங்கிக்கொண்டு மோதுகிறார்களாம். அந்தப் பதில் வந்தபோது, துண்டை அலமாரியின் எந்தத் தட்டில் வைக்கவேண்டும் என்பதில் நாங்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தோம்.