நான்கு சிப்பாய்களும் ஒரு கட்டமும்

அக்கா மகன் இந்த ஆண்டு பள்ளிச் சதுரங்கக் குழுவில் சேர்ந்திருக்கிறான். "மாமா, மரத்துல ஒரு போர்டு வாங்கித் தாங்க" என்று அவன் கேட்டதும், 15 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டுதான் கடைக்குப் புறப்பட்டேன். சதுரங்கப் பலகை வாங்க எதற்கு ஸ்கேல் என்று அக்கா சிரித்தார்.

அந்த அளவுக்கு நான் பட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில், கண்ணாடிபோல் பளபளத்த மரப்பலகை ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிட்டேன். இரவில் குழல்விளக்கின் ஒளி அதன்மேல் வெள்ளைக் கோடாக விழுந்து நடுக் கட்டங்களை மறைக்கும். கருங்காய்கள் அதே கருமையுள்ள கட்டங்களில் நின்றால், மந்திரி எது, சிப்பாய் எது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். இது போதாதென்று, ஐப்பசி மழையில் ஈரத்தைக் குடித்து ஒரு மூலை தூக்கிக்கொண்டது. முழு மரம் ஈரத்துக்கு ஏற்ப இழைகளின் குறுக்குவாட்டில் விரிந்து சுருங்கும் என்பதும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையின் இருபுறமும் மெல்லிய மரத்தகடு ஒட்டிச் செய்தவை அந்த அளவுக்கு வளையா என்பதும் எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது.

ஆனால் அந்தப் பலகையின் பெரிய குறை வேறு. அதன் கட்டங்கள் 4 சென்டிமீட்டர். நான் தனியாக வாங்கியிருந்த காய்களோ போட்டி அளவிலானவை. ராஜாவும் ராணியும் நெரிசல் பேருந்தில் நிற்பவர்களைப்போல் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்க, ஒரு குதிரையை எடுக்கப் போனால் பக்கத்து யானை சாயும். பலகையை முதலில் வாங்கிவிட்டுக் காய்களைப் பிறகு தேடுவது, செருப்பை வாங்கிவிட்டுக் காலைத் தேடுவதற்கு ஒப்பானது என்றே இப்போது நினைக்கிறேன். காய்களை முதலில் முடிவு செய்ய வேண்டும். அவற்றுக்கேற்ற பலகையைப் பிறகு பார்க்க வேண்டும்.

இதற்கு ஃபிடே என்னும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பே அளவு சொல்லியிருக்கிறது. ராஜாவின் உயரம் ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர், அதன் அடிப்பாகத்தின் விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம், கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 சென்டிமீட்டர். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கட்டத்தின் பக்கம் சிப்பாயின் அடிவிட்டத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு இருக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, நான்கு சிப்பாய்களை ஒரே கட்டத்துக்குள் நெருக்கி நிறுத்திப் பார்த்தால் போதும். நான்கும் கோட்டைத் தாண்டாமல் நின்றால் அந்தப் பலகை அந்தக் காய்களுக்குச் சரி.

கடையில் அவன் முதலில் கை வைத்தது, பெட்டியாக மடிந்து காய்களை உள்ளே வைத்துக்கொள்ளும் மரப்பலகை. நான்கு சிப்பாய்ச் சோதனையில் அது தேறிவிட்டது. ஓரத்தில் இருந்த எழுத்துகளைப் பார்த்தபோதுதான் துணுக்குற்றேன்: ஏ1, அதாவது வெள்ளைக்காய் ஆடுபவரின் இடக்கை மூலைக் கட்டம், வெள்ளையாக இருந்தது. அது கறுப்பாக இருக்க வேண்டும். ஆடுபவரின் வலக்கை மூலையில்தான் வெள்ளை வரும். "திருப்பிப் போட்டு ஆடுங்க சார், சரியாயிடும்" என்றார் கடைக்காரர். பலகையைக் கால்வட்டம் திருப்பிப் போட்டால் நிறம் சரியாகும், ஆனால் எழுத்துகள் பக்கவாட்டுக்குப் போய்விடும். திருப்பாமல் ஆடினாலோ, ராணியை அதன் நிறக் கட்டத்தில் வைக்கக் கற்ற பிள்ளை அதை டி1-க்குப் பதிலாக இ1-இல் வைப்பான். ராஜாவும் ராணியும் இடம் மாறிவிடும். நகர்த்தல்களை எழுதப் பழகும் வயதில் இப்படியொரு பலகை கையில் இருக்கக் கூடாது.

மரக்காய்கள் மீதும் அவனுக்கு ஆசை இருந்தது. அமிர்தசரஸ் பக்கம் செய்த ஸ்டான்டன் வடிவக் காய்களைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். 1849-இல் லண்டனில் ஜாக்குஸ் நிறுவனம் விற்கத் தொடங்கி, ஹோவர்ட் ஸ்டான்டன் என்ற ஆட்டக்காரரின் பெயரைப் பெற்ற வடிவம் அது. இன்றும் போட்டிகளில் அதுதான் நடப்பு. மற்ற காய்களைக் கடைசல் பிடித்துவிடலாம், குதிரைத் தலையைக் கையால்தான் செதுக்க வேண்டும். ஆகவே விலையின் நியாயத்தைக் குதிரையின் பிடரியில் பார்க்கலாம். இவற்றின் பிடரி அழகாகவே இருந்தது. விலையைக் கேட்டதும் நாங்கள் இருவருமே மௌனமாகிவிட்டோம்.

கடைசியில் வாங்கியது, போட்டிகளில் பயன்படும் வகையிலான, சுருட்டி எடுத்துப்போகக்கூடிய வினைல் விரிப்பு. கட்டம் 5.5 சென்டிமீட்டர், பச்சையும் சந்தன வெள்ளையும் கலந்த, பளபளப்பில்லாத பரப்பு. கருங்காய் எந்தக் கட்டத்தில் நின்றாலும் தனியாகத் தெரிகிறது. அடியில் எடை வைத்த பிளாஸ்டிக் காய்களோடு, சிப்பாய் கடைசி வரிசையை எட்டி ராணியாக மாறும்போது பயன்படக் கூடுதலாக இரண்டு ராணிகளும் வந்தன. மரப்பலகை இல்லையே என்று வீடு வரும் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

வீட்டில் ஒன்றைக் கணக்கிடாமல் போனது தெரிந்தது. எட்டுக் கட்டங்களுக்கு 44 சென்டிமீட்டர். ஓரத்தையும் சேர்த்தால் 50. அக்கா வீட்டு டீப்பாயின் அகலமோ 42. ஸ்கேல் எடுத்துப் போனவன் டீப்பாயை அளக்க மறந்துவிட்டான் என்று அக்கா மறுபடி சிரித்தார். விரிப்பு இப்போது கூடத்துத் தரையில் கிடக்கிறது. சுருட்டி வைத்த வளைவு இன்னும் முழுதாகப் போகாததால் மின்விசிறிக் காற்றில் மூலைகள் எழும்புகின்றன. கூடுதலாக வந்த ராணிகள் இரண்டும் ஆளுக்கொரு மூலையில் பாரமாக உட்கார்ந்திருக்கின்றன.